அக்டோபர் பக்கம்

டோர்மட் கடைமேசையில் காலண்டரை விரித்து
அக்டோபரை விரலால் தட்டினான்.
"நல்லாத்தான் இருக்கு இஷ்பெல்.
என் பொதிகள் எங்கே?"

பொதிகள்.
கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றிய புல்பொதிகள், இருபத்து மூன்று,
கரையோர வேலியை ஒட்டி உட்கார்ந்திருந்தவை.
கூடவே ஒரு மின்கம்பம்,
சக்கரம் இல்லாத டிரெய்லர்,
ஆரஞ்சு மழைக்கோட்டோடு ஏதோ ஒரு புள்ளி.
ஒரு சனிக்கிழமை இரவு, தேநீர் ஆறுவதற்குள்,
பக்கத்து மணலை அள்ளி அவற்றின் மேல் பூசி
எல்லாவற்றையும் நான்தான் இல்லாமல் செய்திருந்தேன்.

மிஞ்சியது தாழ்ந்த வெயில்,
வைக்கோல் நிறத்துக்கு மாறிய மணற்குன்றுப் புல்,
நீரிணைக்கு அப்பால் ஹாரிஸ் மலைகள்.
அடியில் சின்ன எழுத்தில்: ஆளில்லாத கரை.

"ஆளில்லாத கரையா?
நான் அங்கேதான் நின்னேன்.
உனக்குக் கைகூடக் காட்டினேன்."

பாலுக்குச் சில்லறை எண்ணிவைத்தான்.
காலண்டருக்கும் சேர்த்துத்தான் வைத்தான்.
அது இன்னும் உறுத்துகிறது.

*

இந்த ஆண்டு கூதிர் முந்திக்கொண்டது.
மூன்று நாளாகக் கப்பல் இல்லை.
கடையில் முதலில் ரொட்டி தீர்ந்தது, பிறகு வெங்காயம்,
பிறகு கப்பல் எப்போது என்ற பேச்சும் தீர்ந்துபோனது.

நான்காம் நாள் முக்காலியை மணலில் ஊன்றி
அதன் கொக்கியில் ஒரு பை கற்களைத் தொங்கவிட்டேன்.
அப்படியும் நடுங்கியது.
லென்ஸில் உப்பு.
துடைத்தால் உப்பு பரவுகிறது, துடைக்கும் துணியிலும் உப்பு.
கடைசியில் இடது காலுறையைக் கழற்றி
அதன் உட்புறத்தால் துடைத்தேன்.
படம் பார்க்கிற யாருக்கும் தெரியப்போவதில்லை,
ஒரு கால் விறைத்துப்போனவள் எடுத்த மலை இது என்று.

மேற்கிலிருந்து மழை வரும்போது
தீவுகள் ஒவ்வொன்றாக அணையும்.
போரரே போனது. பாபே போனது.
பெர்னரேயின் பாதி போனதும்
எல்லாவற்றையும் மூட்டை கட்டத் தொடங்கினேன்.

அப்போதுதான், மூடிய கதவுக்கடியில் நுழைவதுபோல்
மேகத்துக்கும் கடலுக்கும் நடுவே
ஒரு விரற்கடை வெயில்.

அதே நேரம் டோர்மட்டின் வாற்கோதுமைத் தாளடியில்
இருநூறு காட்டுவாத்துகள் இறங்கின,
கிரீன்லாந்தின் பசி முழுவதையும் சுமந்து.
அவன் கத்திக்கொண்டு ஓடிவந்தான்.
எந்த மொழியில் கத்தினான் என்று காற்று சொல்லவில்லை.
கெய்லிக்காகத்தான் இருக்கும்,
கோபத்துக்கு அவன் ஆங்கிலத்தை நம்புவதில்லை.

வாத்துகள் எழுந்தன.
மலைகள் செம்பாயின.
பொதிகள் கரையேறிய கடல்நாய்களைப்போல் ஈரமாக மின்னின.
கம்பம் சாய்ந்தே நின்றது.
நான் அழுத்தினேன்.
நான்கு நொடி. அதற்குமேல் பெர்னரே முழுவதும் போனது,
நானும் நனைந்தேன்.

*

"நல்ல படம்," என்றாள் கடைக்கார பீகன்.
"கம்பத்தை மட்டும் எடுத்துடேன்."
அந்தக் கம்பத்தில்தான் உன் குளிர்பெட்டி ஓடுகிறது என்றேன்.
இடுப்பில் கை வைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள்.
சம்மதமா என்று தெரியவில்லை.

இரவு திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன்.
இடது ஓரத்தில் ஒரு ஆரஞ்சுக் கலங்கல்,
தலைக்குமேல் தூக்கிய ஒரு கை.
வாத்துகளை விரட்டுகிறானா, எனக்குக் காட்டுகிறானா,
எத்தனை பெரிதாக்கினாலும் அது பிடிபடவில்லை.

பொதிகளை எண்ணினேன். பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன்.
வேலிக்குப் பின்னால் நான்கு மறைந்திருக்குமோ,
பழைய பழக்கத்தில் என் கையே அழித்துவிட்டதோ என்று
பத்து மணிக்குமேல் அவனை அழைத்தேன்.

"சரிதான். பத்தொன்பது.
ஜூலையில மழை எங்கே விட்டுச்சு?"
பின்னால் நாய் குரைத்தது, யாரோ அதட்டினார்கள்.
இந்தக் குளிரை மாடுகள் எப்படித் தாண்டும்
என்று நான் கேட்கவில்லை, அவன் சொல்லவுமில்லை.

பிறகு, தயங்கித் தயங்கி:
"கோட்டு விழுந்திருக்கா?"

விழுந்திருக்கிறது என்றேன்.